முள் எடுக்கும் காட்சி

ஜூன் 3, திங்கள்

சென்னை வந்து சேர்ந்தேன். வடபழனியில் ஒரு மேன்ஷனின் மூன்றாம் மாடியில் அறை. கட்டில், துணி காயப்போட ஒரு கொடி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். 'ஐவரி' என்று வாங்கி அடித்திருக்கிறார்கள், மழையில் நனைந்து நனைந்து 'பிஸ்கட்' ஆகிவிட்டது. இருபத்தாறு வருஷமாக உடன்குடியில் பெயிண்ட் கடை நடத்துகிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான்.

ஆனால் என்னை இங்கே வரவழைத்தது பெயிண்ட் அல்ல, என் வாய். எங்கள் பக்கத்தில் கபடிப் போட்டி எங்கே நடந்தாலும் மைக் இந்தத் தவசிமுத்து கையில்தான். பங்குனியில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு நிவேதன் என்று ஒரு உதவி இயக்குநர் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் மேடையேறி வந்து, "அண்ணாச்சி, பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு உங்க குரலை மட்டும் கேட்டேன். ஆட்டம் அப்படியே தெரிஞ்சுது" என்றார்.

அவர் வேலை செய்யும் படம் ஆகஸ்டில் வருகிறது. பார்வையில்லாதவர்களும் தியேட்டரில் மற்றவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. வசனம் இல்லாத இடங்களில் திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லும். அவர்கள் செல்போனில் இயர்போன் செருகி ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். அந்தக் குரல் நான். சொல்லும்போதே உடம்பு சிலிர்க்கிறது. ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு ஒரு சினிமா.

ராஜகனி கூட வரவில்லை. இரண்டு மாதமாக நாசரேத்தில் தங்கை வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வைத்தியம்.

ஜூன் 5, புதன்

படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். பெயரை வெளியே சொல்லக் கூடாதென்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

அண்ணன், தங்கை கதை. அண்ணன் லாரி ஓட்டுகிறவன். தங்கை தன் இஷ்டப்படி ஒரு முடிவெடுத்ததற்காக அவளை வீட்டை விட்டு அனுப்புகிறான். ஒன்பது வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், மீனில் முள் எடுத்து அவன் தட்டில் வைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. இந்த இடத்தில் எல்லோரும் அழுகிறார்கள் என்று நிவேதன் சொல்கிறார்.

எனக்கு சினிமாவில் அழுகை வராது. வீட்டில் அந்த இலாகா ராஜகனியுடையது. அவள் டிவி விளம்பரத்துக்கே அழுவாள்.

கதை சுமார்தான். சண்டைக் காட்சி இரண்டும் அபாரம்.

ஜூன் 8, சனி

இன்று ஒரு வேடிக்கை செய்தேன். படத்தை வேண்டியவர்கள் நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் திரும்பி ஆட்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மணி நேரம். கழுத்து வலிக்கிறது. ஆனால் எவ்வளவு தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக் காட்சியில் கதாநாயகி தரையில் விழுந்து கதறுகிறாள். வயலின் கதறுகிறது. ஒருவர் கண்ணும் கலங்கவில்லை. நீலச் சட்டைக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். அதே ஆள், மீன் முள் காட்சியில், திரையில் யாருமே அழாத அந்த இடத்தில், மூக்கை உறிஞ்சினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர், அதுவரை செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள், அப்படியே உறைந்துவிட்டார்கள்.

அழுகிறவளைப் பார்த்து அழுகை வரவில்லை. அழாதவளைப் பார்த்து வருகிறது. இது என்ன கணக்கு என்று நிவேதனிடம் கேட்டேன்.

"தெரிஞ்சா எல்லாப் படத்தையும் ஓட வச்சிர மாட்டோமா அண்ணாச்சி" என்றார்.

கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

பதிவு முடிந்தது. இரண்டு நாளில் முழுப் படம். ஒலிப்பதிவாளர் ஸ்டான்லி, "சார், உங்களுக்குத் தண்ணியே வேணாமா" என்று கேட்டார். நான் ஐந்து ஆட்டத்துக்குத் தொடர்ந்து மைக் பிடித்தவன்.

மீன் காட்சிக்கு உயிரைக் கொடுத்திருக்கிறேன். எழுதியதை இங்கேயும் வைக்கிறேன்: "இதோ, ஒன்பது ஆண்டுக் கோபம் பனியாய் உருக, பாசத்தின் சிகரமாய் அந்தத் தங்கை, உயிருக்கு உயிரான அண்ணனுக்காக மீனின் முள்ளை ஒவ்வொன்றாய் நீக்கித் தருகிறாள். கல்லும் கரையும் காட்சி இது." பதினெட்டு விநாடி. ஒரு இடைவெளி விடவில்லை.

நாளை மறுநாள் பார்வையில்லாதவர்கள் பன்னிரண்டு பேர் வந்து பார்க்கிறார்கள். கைக்குட்டை கொண்டு வரச் சொல்ல வேண்டும் என்று நிவேதனிடம் சொன்னேன்.

ஜூன் 13, வியாழன்

ஒருவர் கூட அழவில்லை.

சிரிக்கிற இடத்தில் சிரித்தார்கள். சண்டைக் காட்சியில் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். மீன் காட்சியில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

முடிந்ததும் கருத்துக் கேட்டார்கள். எல்லோரும் என் குரலைப் புகழ்ந்தார்கள். தமயந்தி என்று ஒரு பெண் மட்டும் கடைசியில் கையை உயர்த்தினார். அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். நாற்பது வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது.

"சார், அந்தத் தங்கச்சிக்குப் பாசம் இருக்குன்னு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"அதான் சிக்கல். அவ கை என்ன பண்ணுச்சுன்னு சொல்லுங்க, போதும். பாசமா, கோபமான்னு நான் பாத்துக்கறேன். தீர்ப்பையும் நீங்களே சொல்லிட்டா எனக்கு அங்க என்ன வேலை?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் விடவில்லை.

"இன்னொண்ணு. மீனுக்கு முள் எடுத்துக் குடுக்கறதுல என்ன இருக்கு? எனக்கு எங்க வீட்ல தினம் யாராவது எடுத்துக் குடுக்கறாங்க. அதுக்கு ஏன் சார் எல்லாரும் அழறாங்க?"

கையிலிருந்த மைக்கை நிவேதனிடம் கொடுத்துவிட்டேன். மைக் பிடித்த முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஜூன் 14, வெள்ளி

தயாரிப்பாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பார்களாம், தானும் வருவாராம். அப்போதும் ஒட்டவில்லை என்றால் குரல் இல்லாமலே படம் வெளியாகும். பார்வையில்லாதவர்கள் வழக்கம்போல வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ராஜகனி போன் செய்தாள்.

"சாப்பிட்டியளா?"

"ஆச்சு."

"குரலே சரியில்லயே. என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. உன் முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

போனில் தலைக்கு மேல் விமானம் போகிற சத்தம் கேட்டது. நாசரேத்துக்கு மேல் விமானம் இவ்வளவு தாழ்வாகப் போவதில்லை. பிறகு வைத்துவிட்டாள்.

ஜூன் 15, சனி

இன்று ஸ்டுடியோ இல்லை. பல்லாவரத்தில் ஒரு பெயிண்ட் டீலரைப் பார்க்கலாமென்று கிண்டியில் ரயில் ஏறினேன். அந்த ஊரில் விமானம் தலையைத் தொடுகிற மாதிரி இறங்குகிறது. ஒரு தெருமுனையில் முக்கால் மணி நேரம் நின்றேன். டீலர் கடை பூட்டியிருந்தது.

ராஜகனியின் முழங்கால் நன்றாகக் குணமாகிவிட்டது. கீரைக்காரியைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடுகிற அளவுக்கு. எனக்கு எப்படித் தெரியும் என்பதை எழுதப் போவதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

காலையில் நிவேதனிடம் கெஞ்சி ஸ்டுடியோவைத் திறக்கச் சொன்னேன். என் குரலோடு படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, கண்ணை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மீன் காட்சி வந்தது. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. தமயந்தி சொன்னது சரி. யாரோ யாருக்கோ மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

துண்டை அவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். ஏழாவது நிமிஷத்தில் இருக்கிறது. அண்ணனும் தங்கையும் சின்னப் பிள்ளைகள். அண்ணன் தொண்டையில் முள் மாட்டி மூச்சுத் திணறுகிறான், வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த அமளி எல்லாம் வசனத்திலும் சத்தத்திலும் வருகிறது, எல்லோருக்கும் புரியும். அதற்குப் பிறகு எட்டே விநாடிக்கு ஒரு காட்சி. வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள், ஆனால் நமக்கு இசை மட்டும்தான் கேட்கிறது. ஆறு வயதுத் தங்கை மட்டும் பேசாமல், அண்ணன் தட்டிலிருந்த மீனைத் தன் தட்டுக்கு எடுத்து, முள்ளெல்லாம் நீக்கி, திருப்பி வைக்கிறாள். அதன்பின் சாப்பாட்டுக் காட்சி வரும்போதெல்லாம் ஒரு மூலையில் அவள் அதைச் செய்துகொண்டேயிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் மூன்று காட்சி.

அந்த எட்டு விநாடி நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஜன்னலுக்கு வெளியே நிற்கும் லாரியைப் பற்றி. "மயில் கழுத்து நிறத்தில், பளபளக்கும் புத்தம் புது லாரி." அந்த நிறம் எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

படியில் இறங்கி ஓடி, வெளியே டீக்கடையில் நின்ற நிவேதனைப் பிடித்தேன்.

"தம்பி, கபடியில கடைசி ரெய்டுக்கு ஏன் கூட்டம் எந்திரிச்சு நிக்கி?"

"என்ன அண்ணாச்சி, மூச்சு வாங்குது உங்களுக்கு."

"ஸ்கோர் தெரியும், அதான் நிக்கி. இருபத்தெட்டு, இருபத்தெட்டு. ஸ்கோர் தெரியாதவனுக்கு அது வெறும் ஓட்டம். நான் அந்த ஆளுகளுக்கு ஸ்கோரே சொல்லாம கடைசி ரெய்டை மட்டும் கத்திருக்கேன்."

அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படம் பார்க்கிறவன் அந்தத் தட்டில் மீனைப் பார்ப்பதில்லை. ஒன்பது வருஷம் பேசாதவள், அவன் தொண்டையை மறக்கவில்லை என்று பார்க்கிறான். யாரும் சொல்லாமல் தானே பார்க்கிறான். அதில்தான் உடைகிறான்.

ஜூன் 18, செவ்வாய்

மறுபதிவு. தமயந்தியை வரச் சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்தோம். லாரியைத் தூக்கிவிட்டேன். அந்த எட்டு விநாடியிலும், பிறகு வரும் மூன்று சாப்பாட்டுக் காட்சியிலும் முள்ளைச் சேர்த்தேன். மயில் கழுத்தில் ஒரு துளி கூட மிச்சமில்லை.

மீன் காட்சிக்கு இப்போது மூன்றே வரி. "தங்கை மீனைத் தன் தட்டுக்கு எடுக்கிறாள். முள்ளை நீக்குகிறாள். அண்ணன் தட்டில் வைக்கிறாள்." பிறகு பதினொரு விநாடி நான் பேசக் கூடாது.

முடியவில்லை. ஒன்பது முறை எடுத்தோம். மூன்றாவது விநாடியில் வாய் தானாகத் திறந்து "அண்ணன் தலை குனிகிறான்" என்கிறது. இன்னொரு முறை "காற்று வீசுகிறது" என்றேன். அந்தக் காட்சியில் காற்றே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லி தலையில் கை வைத்துக்கொண்டார்.

தமயந்தி கேட்டார். "சார், மத்த இடத்துல எல்லாம் நிறுத்தறீங்க. இங்க மட்டும் யாரோ துரத்தற மாதிரிப் பேசறீங்களே. அந்தப் பதினோரு செகண்ட் சும்மா இருந்தா உங்களுக்கு என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல மேடம்."

"சரி" என்றார். நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, என் மகள் சுகிர்தா ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் முடித்துக்கொண்டு அந்தப் பையனோடு நேராக என் வீட்டு கேட்டுக்கு வந்தாள். வேறு ஆட்கள், வேறு சாமி. கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. நான் கேட்டைத் திறக்காமல் பேசினேன். முக்கால் மணி நேரம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு மைக் தேவையில்லை. பஸ் நிறுத்தம் வரை கேட்டிருக்கிறது, அங்கிருந்தெல்லாம் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். நடுவில் நாலைந்து முறை அவள் வாயைத் திறந்தாள். திறக்கும்போதெல்லாம் நான் இன்னும் வேகமாகப் பேசினேன். ஒரு இடைவெளி விடவில்லை. பிறகு இருவரும் போய்விட்டார்கள்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

பத்தாவது முறை மூன்று வரியையும் சொல்லிவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பதினொரு விநாடி எவ்வளவு நீளம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முடிந்ததும் ஸ்டான்லி கட்டை விரலைக் காட்டினார். தமயந்தி கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாய் எடுத்து என் பக்கமாக நீட்டினார்.

ஜூன் 20, வியாழன்

நடந்தது.

பன்னிரண்டு பேருக்குப் பதிலாக முப்பது பேர் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் புதிய படம். தமயந்தி மட்டும் பழைய ஆள். தயாரிப்பாளர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் திரும்பி உட்கார்ந்தேன்.

மீன் காட்சி வந்தது. மூன்று வரி முடிந்தது. பிறகு அமைதி.

ஒன்று. இரண்டு. மூன்று. யாரும் அசையவில்லை. ஐந்தாவது விநாடியில், ரயில்வேயில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தோள் குலுங்கியது. அப்புறம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. தமயந்தி ஒரு கையால் தன் தொண்டையைப் பிடித்திருந்தார், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. தயாரிப்பாளர் ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், திரையை அல்ல. கட்டிய கை அவிழ்ந்திருந்தது. நான் என்ன செய்தேன் என்பது இங்கே தேவையில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "மேடம், கதை முழுக்கத் தெரிஞ்சும் எதுக்கு அழுதிய?"

"அவ இன்னும் மன்னிக்கல சார். கோவம் அப்படியே இருக்கு. ஆனா கை மறக்கல." கொஞ்சம் யோசித்தார். "நீங்க சும்மா இருந்ததால அந்த இடத்துல என் தம்பி வந்து உக்காந்துட்டான். எங்களுக்குள்ள பேச்சில்ல, ஆறு வருஷம் ஆச்சு."

தயாரிப்பாளர் என் தோளைத் தட்டி, ஆகஸ்டில் எல்லாத் தியேட்டரிலும் உங்கள் குரல் உண்டு என்றார். நிவேதன் நடைபாதையிலேயே என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். தொண்ணூறு கிலோ. முடியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஊருக்கு ரயில் டிக்கெட் இருந்தது. ரத்து செய்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

காலை பதினொரு மணிக்குப் பல்லாவரம். டீலரைப் பார்க்கப் போகவில்லை. ராஜகனி காலண்டருக்குப் பின்னால் குறித்து வைத்திருந்த சுகிர்தாவின் விலாசம் எனக்கு முன்பே தெரியும்.

வழியெல்லாம் என்ன பேசுவதென்று தயார் செய்துகொண்டே போனேன். மூன்றாம் வீடு, முதல் மாடி. மணி அடித்ததும் கதவைத் திறந்தது ராஜகனி. என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"போன வாரம் சனிக்கிழமையே வந்திருக்கலாம்லா. அந்த வேப்பமரத்துக்குப் பின்னால நின்னது நீங்கதான்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வழிவிட்டாள்.

சுகிர்தா உள்ளிருந்து வந்தாள். ஏழு மாசம். பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று ராஜகனி ஊரை விட்டுக் கிளம்புமுன்பே சொல்லியிருந்தாள். சொல்வதும் பார்ப்பதும் வேறு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தயார் செய்த அவ்வளவும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் நின்றேன்.

"உக்காருங்கப்பா" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். முதலில் தண்ணீர் லாரி வராததைப் பற்றி. பிறகு டாக்டரம்மா இரும்புச் சத்து போதவில்லை என்றது. அப்புறம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மாறிய இரண்டு வீடுகள், எல்லாம். நடுநடுவே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் புகுந்து பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் பேசவில்லை. மறுபடியும் தொடர்ந்தாள். ஒரு இடத்தில் குரல் உயர்ந்து, "தெருவே பாத்துச்சு, தெரியுமாப்பா உங்களுக்கு" என்றாள். தெரியும் என்று தலையசைத்தேன். அதற்கும் விளக்கம் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பையன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் வெங்காயம் நறுக்கிய கத்தி. உள்ளே வருவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவனை நான் சொன்ன வார்த்தைகளை இந்த நோட்டில் கூட எழுத முடியாது. அறையில் ஒரே ஒரு மேஜை விசிறி, சுகிர்தாவையும் கதவையும் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவன் கத்தியை வைத்துவிட்டு வந்தான். என்னைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து விசிறியைக் கொஞ்சம் நகர்த்தி, காற்று அவளுக்கும் எனக்கும் சரியாகப் படும்படி வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான்.

ஐம்பத்து நான்கு வருஷத்தில் சேர்த்து வைத்ததெல்லாம் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், சத்தம் வந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ராஜகனி பயந்துவிட்டாள். "என்னங்க, என்ன செய்யுது? ஏதாவது பேசுங்களேன்."

"விடும்மா" என்றாள் சுகிர்தா. "அப்பா இப்பத்தான் பேசுதாவ."

ஜூன் 24, திங்கள்

மேன்ஷன் அறையைக் காலி செய்துவிட்டேன். ஆவணி வரை பல்லாவரத்தில்தான். வீட்டுச் சுவர் ஒரே கறை. பிள்ளை பிறக்கிற வீடு இப்படியா இருப்பது என்று பிரதீப்பிடம் சொன்னேன். சனிக்கிழமை லீவு போடுகிறாராம் மாப்பிள்ளை. நிறத்தை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.